ஊறுகாய் ஜாடிக்குள் வேதியியல்

சித்திரை மாதத்தில் ஜாடியில் அடைத்த மாங்காய், மறு சித்திரை வரையில் கெடாமல் இருக்கிறது. அதே மாங்காயை வெட்டித் தட்டில் வைத்தால் இரண்டு மூன்று நாட்களில் அழுகிவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டி என்ற ஒன்றைக் கனவிலும் கண்டிராத காலத்திலேயே நம் பாட்டிமார் இந்த வித்தையை அறிந்திருந்தனர். ஆனால், அவர்கள் செய்த ஒவ்வொரு செயலுக்கும் காரணம் என்ன? அக்காரணத்தை அறியாமல் நாம் செய்முறையை மாற்றினால் என்ன நேரும்? இவ்விரு வினாக்களுக்கும் வேதியியல் கூறும் விடையை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் பலர் அறை எடுத்துத் தங்கியுள்ளனர். இரவு ஷிப்ட் முடிந்து வருபவருக்குக் குழம்பு வைக்க நேரமும் இராது, தெம்பும் இராது. சோறும் ஊறுகாயுமே உணவு. அவர்களுக்கு ஊறுகாய் போட்டு விற்கும் பெண்கள் எங்கள் தெருவில் நால்வர் உள்ளனர். அவர்களுள் என் தாயாரும் ஒருவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் அந்த ஜாடிகளிலிருந்தே வருகின்றன. எனவே, ஜாடிக்குள் நடப்பது எனக்கு வெறும் பாடமன்று.

கெடுப்பவர் யார்?

உணவு தானாகக் கெடுவதில்லை. அதனைக் கெடுப்பவை நுண்ணுயிர்கள். பிரெஞ்சு நாட்டு நிக்கோலா அப்பேர் என்பவர், உணவைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து வெந்நீரில் கொதிக்கவைத்துக் காக்கும் முறைக்காக 1810இல் அந்நாட்டு அரசிடம் 12,000 பிராங்கு பரிசு பெற்றார். ஆனால், உணவு ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. நுண்ணுயிர்களே காரணம் என்பதைப் பின்னர் 1860களில் லூயி பாஸ்டர் தம் ஆய்வுகளால் நிறுவினார். செய்முறை முன்னே வந்தது; விளக்கம் பின்னே வந்தது. நம் ஊறுகாயின் கதையும் அதுவே.

இந்நுண்ணுயிர்களை மூன்று கூட்டங்களாகப் பிரிக்கலாம்: பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை. மூன்றின் குணமும் ஒன்றன்று. ஜாடியில் நாம் இடும் உப்பு, புளிப்பு, எண்ணெய் ஆகிய மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பகைவனைத் தடுக்கும் காவலன். இதை மறந்தால் ஆபத்து என்பதே நான் கூற விரும்பும் செய்தி.

உப்பின் வேலை

சவ்வூடு பரவலைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்திற்கு நீர் சவ்வின் வழியே செல்லும். மாவடுவில் கல் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் சில நாட்களில் அது சுருங்கி, தன் நீரிலேயே மிதப்பது இதனால்தான். மாங்காய்க்கு நேர்வதே நுண்ணுயிருக்கும் நேர்கிறது. அதன் உடல் நீரும் வெளியே இழுக்கப்படுகிறது.

நுண்ணுயிருக்குக் கிடைக்கக்கூடிய நீரின் அளவை ‘நீர்ச் செயல்பாடு’ என்ற எண்ணால் குறிப்பர். தூய நீருக்கு அது 1. உப்பு முழுதும் கரைந்து தெவிட்டிய கரைசலுக்கு ஏறத்தாழ 0.75. உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை 0.91க்குக் கீழே வளர முடியாமல் தவிக்கும். பூஞ்சைகளோ அதற்கும் கீழே தாக்குப்பிடிக்கும்.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். மூன்று கண்ணாடிக் குப்பிகளில் 250 கிராம் வீதம் மாங்காய்த் துண்டுகளை இட்டு, முறையே 5, 15, 40 கிராம் உப்புச் சேர்த்துத் துணியால் வாய் கட்டினேன். மொத்த எடையில் உப்பின் பங்கு ஏறத்தாழ 2, 6, 14 விழுக்காடு ஆகும். முதற்குப்பியில் ஒரு வாரத்திற்குள் வெண்மையான ஆடை படர்ந்து, அதன்மேல் பூஞ்சை பூத்தது. இரண்டாவதில் நுரை எழும்பி, பின்னர் ஆடை படர்ந்தது. மூன்றாவது குப்பியில் துண்டுகள் சுருங்கி, நீர் மேலேறி, தெளிவாக நின்றது.

உப்பு நீரில் இடும் ஊறுகாயில் உப்பு 12 விழுக்காட்டிற்குக் குறையக்கூடாது என்பது நம் நாட்டின் உணவுத் தர விதி. 1 கிலோ மாங்காய்க்கு 150 கிராம் உப்பு என்று என் தாயார் கைப்பிடியால் அளப்பதைக் கணக்கிட்டால் 13 விழுக்காடு வருகிறது. விதியைப் படிக்காத கை, விதியை மீறவில்லை!

புளிப்பின் வேலை

மாங்காயில் சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும் உள்ளன. எலுமிச்சையிலும் நாரத்தையிலும் சிட்ரிக் அமிலம் மிகுதி. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அமிலத்தின் வலிமையைப் பி.எச். எண்ணால் அளக்கிறோம். எண் ஒன்று குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு கூடுகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.6 வரை, பச்சை மாங்காய் ஏறத்தாழ 3. ஆனால், பூண்டு 5.3க்கு மேல், மீனும் இறாலும் 6க்கு மேல். இப்பட்டியலை மறந்துவிட வேண்டாம், பின்னர் தேவைப்படும்.

புளிப்பின் அளவை நம் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே அறியலாம். ஊறுகாய்ச் சாற்றில் 5 கிராம் எடுத்து, நீர் சேர்த்து, பினாப்தலீன் சில சொட்டு விட்டு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் தரம் பார்க்க வேண்டும். 1 மில்லி கரைசல் 0.0064 கிராம் சிட்ரிக் அமிலத்திற்குச் சமம். எலுமிச்சை போன்ற பழச்சாற்றில் இடும் ஊறுகாய்க்கு விதி கேட்கும் புளிப்பு 1.2 விழுக்காடு. அதனை எட்ட, பியூரெட்டில் ஏறத்தாழ 9.4 மில்லி செலவாக வேண்டும். மிளகாய்த்தூள் கலந்தபின் அதன் சிவப்பு நிறம் முடிவுநிலையை மறைத்துவிடும். ஆகையால், காரம் சேர்க்குமுன் சாற்றை எடுப்பது நலம்.

எண்ணெயின் வேலை

“எண்ணெ மேல நின்னா போதும்டி, ஒண்ணும் ஆவாது” என்பார் என் தாயார். இது பாதி உண்மை. பூஞ்சைக்குக் காற்று வேண்டும். எண்ணெய்ப் படலம் காற்றை மறிக்கிறது. ஆகவே, பூஞ்சை வளர்வதில்லை. நான்காவதாக ஒரு குப்பியில் 2 விழுக்காடு உப்பே இட்டு, துண்டுகள் மூழ்க நல்லெண்ணெய் ஊற்றினேன். மேலே பூஞ்சை தோன்றவில்லை. ஆனால் அடியிலிருந்து குமிழ்கள் எழுந்துகொண்டே இருந்தன. காற்றில்லாமலும் வாழும் உயிர்கள் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தன என்பது இதனால் தெளிவாயிற்று. எண்ணெய் எதனையும் கொல்வதில்லை. அது கதவைச் சாத்துகிறது. உள்ளே ஏற்கெனவே இருப்பவரை வெளியேற்றுவதில்லை.

காற்றை வெறுக்கும் பகைவன்

உள்ளே இருப்பவர் சாதாரணமானவராக இருந்தால் உணவு புளிக்கும், நாறும், நாம் கொட்டிவிடுவோம். ஆனால், காற்றிருந்தால் வளராத, காற்றில்லாத இடத்தில் செழிக்கும் பாக்டீரியா ஒன்று உண்டு. அதன் பெயர் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம். பெல்ஜியம் நாட்டில் 1895இல் உப்பிட்ட பன்றித் தொடைக்கறியை உண்டவர்களுக்கு நேர்ந்த நோயை ஆராய்ந்து இதனைப் பிரித்தெடுத்தவர் எமில் வான் எர்மெங்கெம். இது மண்ணில் வாழ்வது. மண்ணுக்குள் விளையும் பூண்டு, இஞ்சி போன்றவற்றில் இதன் வித்து ஒட்டியிருக்கலாம். அவ்வித்து 100 டிகிரி கொதிநிலையிலும் சாவதில்லை. அழுத்தத்தின்கீழ் 121 டிகிரி வெப்பம் வேண்டும். இது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்கும். பார்வை இரட்டையாகும், இமை தொங்கும், விழுங்க முடியாது, இறுதியில் மூச்சுத் தசைகளும் செயலிழக்கும். கொடுமை என்னவெனில், நஞ்சேறிய உணவு பார்வைக்கும் மூக்கிற்கும் நல்ல உணவாகவே தோன்றக்கூடும்.

1985இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் உண்ட 36 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். காரணமாக இருந்தது எண்ணெயில் ஊறிய நறுக்கிய பூண்டு. அதில் அமிலம் சேர்க்கப்படவில்லை. எண்ணெய் காற்றை மறித்தது, பூண்டிலோ புளிப்பில்லை. பகைவனுக்கு இதைவிட வசதியான வீடு வேறென்ன வேண்டும்?

இப்பகைவனையும் வெல்ல வழியுண்டு. பி.எச். 4.6க்குக் கீழ் இருந்தால் இது வளராது. எல்லைக்கோட்டின் மேலேயே நிற்காமல் 4க்குக் கீழ் செல்வது அறிவுடைமை. மாங்காயும் எலுமிச்சையும் தம் புளிப்பைத் தாமே கொண்டுவருகின்றன. ஆகவே, அவற்றில் இக்கவலை இல்லை. பூண்டும் இறாலும் அப்படியன்று. மாங்காய் ஊறுகாயின் முறையைப் பூண்டுக்கும் பழவேற்காட்டு இறாலுக்கும் அப்படியே பெயர்த்தால், ஒரு காவலன் இல்லாத கோட்டையாகிவிடும். பெரியோர் பூண்டு ஊறுகாயில் புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் ஊற்றியது சுவைக்காக மட்டுமன்று என்பது இப்போது விளங்கும்.

எங்கள் தெருவில் நடந்தது

எதிர்வீட்டு அக்கா ஒருவர், அறைகளில் தங்கியிருக்கும் தம்பிமார் புளிப்பு வேண்டாம் என்றதால் பூண்டு ஊறுகாயில் புளியை வெகுவாகக் குறைத்துவிட்டார். நான் பி.எச். தாள் கொண்டுபோய்ச் சோதிக்கலாமா என்று கேட்டேன்.

“நாலு வருஷமா போடுறேன் பாப்பா, யாருக்கு இன்னா ஆச்சு?” என்றார்.

“புளியைக் குறைச்சது இந்த மாசந்தானேக்கா?” என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஜாடியைத் திறந்து காட்டினார். குழம்பை மட்டும் சோதித்தால் போதாது. பூண்டுப் பல்லின் உட்புறத்திற்குப் புளிப்பு மெதுவாகவே செல்லும். ஆகவே, ஒரு பல்லை எடுத்து, எண்ணெயைத் துடைத்து, சிறிது காய்ச்சி வடித்த நீர்விட்டு நசுக்கித் தாளை நனைத்தேன். நிறம் 5க்கும் 6க்கும் இடையே நின்றது. அந்த ஜாடியில் பின்னர் புளி ஊற்றுவதிலும் பயனில்லை. நஞ்சு உண்டாகியிருந்தால் புளிப்பு அதனை அழிக்காது. நான்கு கிலோ பூண்டின் விலை அவருக்குச் சிறிதன்று. எனினும், குழி தோண்டிக் கொட்டி மூடினார். அடுத்த முறை பூண்டைப் புளிக்கரைசலிலும் வினிகரிலும் வேகவைத்து ஊறவிட்டார். தாள் 4க்குக் கீழே காட்டிய பிறகே விற்றார். புளிப்பை மட்டுப்படுத்தச் சிறிது வெல்லம் சேர்த்தார். வெல்லம் நாவிற்குத்தான் புளிப்பை மறைக்கும், பி.எச். எண்ணைப் பெரிதும் மாற்றாது.

உப்பைக் குறைக்கலாமா?

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் “உப்புக் குறைந்த ஊறுகாய்” கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக நல நிறுவனத்தின் அறிவுரை. 12 விழுக்காடு உப்புள்ள ஊறுகாயில் 10 கிராம் உண்டால் 1.2 கிராம் உப்பு. அதாவது ஒரு நாள் அளவில் ஏறத்தாழ கால் பங்கு. இதற்கு மருந்து, ஜாடியில் உப்பைக் குறைப்பதன்று. இலையில் ஊறுகாயைக் குறைப்பதே. உப்புக் குறைவாகச் செய்தே ஆகவேண்டுமெனில், சிறிதளவு செய்து, புளிப்பைக் குறைக்காமல், குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களில் தீர்த்துவிட வேண்டும்.

பாத்திரம்

அலுமினியத்தின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. அமிலமும் குளோரைடும் சேர்ந்தால் அது கரைந்து உலோகம் அரிக்கப்படும். பித்தளையும் செம்பும் அவ்வாறே. எவர்சில்வரும் உப்பில் நெடுநாள் ஊறினால் புள்ளி விழும். எனவேதான் பீங்கான் ஜாடியும் கண்ணாடியும் சிறந்தவை.

இங்கே நம் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. பழைய பொருள் கடைகளில், இரசாயனம் வந்த பிளாஸ்டிக் கேன்கள் மலிவாகக் கிடைக்கின்றன. கழுவினால் போதும் என்று எண்ணி, சிலர் அவற்றில் தண்ணீரும் ஊறுகாயும் வைக்கின்றனர். பிளாஸ்டிக், தன்னுள் இருந்த கரைப்பானை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சோப்பும் வெந்நீரும் அதனை முழுதும் அகற்றா. எண்ணெயும் அமிலமும் அதனை மெல்ல வெளியே இழுக்கும். முன்பு என்ன இருந்தது என்று தெரியாத கேனில் உணவை வைக்கலாகாது. இதில் சமரசத்திற்கு இடமே இல்லை.

முடிவுரை

உப்பு நீரைக் கட்டுகிறது. புளிப்பு நஞ்சுப் பாக்டீரியாவைத் தடுக்கிறது. எண்ணெய் காற்றை மறிக்கிறது. மூவரில் ஒருவரைக் குறைக்க விரும்பினால், அவர் செய்துவந்த வேலையை இனி யார் செய்வார் என்று முதலில் கேட்க வேண்டும். நம் தாய்மார் முறையாகச் செய்துவந்ததற்குக் காரணம் கூறுவதும், அம்முறை மாறும்போது எச்சரிப்பதும் படித்த நம் கடமை. நம்முள் பலர் வீட்டிலும் ஊறுகாய் விற்பனைக்குச் செய்கிறார்கள் என்பதை நான் அறிவேன். பேராசிரியர்களின் இசைவோடு, அவர்கள் கொண்டுவரும் ஊறுகாயை நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் மாதம் ஒருமுறை சோதித்துத் தர மாணவர்களாகிய நாம் முன்வரலாம். தேவைப்படுவன ஒரு பியூரெட்டும் சில பி.எச். தாள்களுமே.

— இரண்டாம் ஆண்டு மாணவி, இளம் அறிவியல் (வேதியியல்)