சேற்றின் குடிகள்

நெய்தற்றிணைப் பாடல்களைப் பயிலும் யாம் அலவன் என்னுஞ் சொல்லைப் பலகால் ஓதியுள்ளோம். மகளிர் அலவனாட்டி விளையாடியதும், அது வெருவித் தன் அளையுட் புக்கதும் எமக்கு மனப்பாடம். ஆயினும், அவ்வளையால் விளையும் பயன் யாதென யாம் எண்ணியதில்லை. சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே கிடக்கும் பிச்சாவரக் கண்டற்காட்டிற்கு நீர் வற்றிய பொழுதில் ஓடமேறிச் சென்றபோதுதான் எம் அறியாமை எமக்குப் புலனாயிற்று.

அங்குள்ள சேறு கரியது. கிளறினால் அழுகிய முட்டைபோல் நாறும். நாள்தோறும் இருமுறை கடல்நீர் ஏறி வற்றும் அந்நிலத்தில், மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழேயே பிராணவாயு அற்றுவிடுகின்றது. ஆண்டு வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரிலுள்ள கந்தக உப்பைக் கொண்டு நச்சுக்காற்றை உண்டாக்குகின்றன. ஆதலின் அன்றோ, வெண்கண்டல் மூச்சுவேர்களை நிலத்தின்மேல் நீட்டி நிற்கின்றது!

இத்தகைய சேற்றிலும் குடிகள் பல உள. நத்தைகள் மேற்பரப்பில் ஊர்ந்து மேயும். அவற்றுட் சில நீர் ஏறுங்கால் மரத்தின்மேல் ஏறிக்கொள்ளும். மட்டிகள் புதைந்திருந்து நீரை வடித்து உண்ணும். கடற்புழுக்கள் மண்ணைத் துளைத்து வாழும். ஒருவகை நண்டில் ஆணுக்கு ஒரு கை மட்டும் மிகப் பெரிது. அதனை அசைத்துப் பெண்ணை அழைக்கும், பகையை வெருட்டும். சிறுகையாற் சேற்றை அள்ளி வாயிலிட்டு, உணவைப் பிரித்துண்டு, எஞ்சிய மண்ணை உருண்டைகளாக உதிர்க்கும். மற்றொருவகை நண்டு உதிர்ந்த இலைகளை அளைக்குள் இழுத்துச் சென்று தின்னும். அதன் கழிவு சிற்றுயிர்களுக்கு உணவாகின்றது. அளைகளின் வழியே காற்றும் நீரும் ஆழத்திற் புகுந்து நச்சினைக் குறைக்கின்றன.

இந்நண்டுகள் இல்லையாயின் என்னாம்? ஆஸ்திரேலியாவின் வடக்குக் குவீன்ஸ்லாந்துக் கண்டற்காட்டில் சில பாத்திகளினின்றும் நண்டுகளை அகற்றிப் பார்த்தனர். அங்கே மண்ணிற் கந்தக நஞ்சு மிகுந்தது. மரங்களின் வளர்ச்சியும் காய்ப்பும் குன்றின. இவ்வாராய்ச்சி 1991-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

சேற்றினுள் நீர் வந்து மீளுதல் எத்துணை இன்றியமையாதது என்பதைப் பிச்சாவரமே காட்டுகின்றது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலந் தொடங்கி நெடுநாள் அக்காடு கூறுகூறாக முற்றும் வெட்டப்பட்டது. வெயிலில் வறண்ட நிலம் தாழ்ந்தது, தேங்கிய கடல்நீரால் உப்பு மிகுந்தது, கன்றுகள் முளைத்தில. 1990-களில் கால்வாய்கள் வெட்டி, ஏற்றநீர் வந்து மீள வழிசெய்து, கன்றுகளை நட்ட பின்னரே அவ்விடங்கள் மீண்டும் பசுமையுற்றன.

பயனற்ற சேறென்று கழிகளைத் தூர்ப்பார் இன்றும் உளர். அவர் தூர்ப்பது காடு மூச்சுவிடும் வாயிலையே. அலவனின் அளையைப் புலவர் கண்டு பாடினர். அதனைக் காத்தல் அப்பாடலைக் கற்ற எம் கடனாகும்.