எஃப் 22 காப்பாற்றாது: ஃபோகஸ் ஸ்டாக்கிங் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்ப் பக்கத்தில் கரையோரம் படிந்திருக்கும் சாம்பலில் ஒரு சிட்டிகையை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தூள் தெரியாது, கண்ணாடி உருண்டைகள் தெரியும். கொதிகலனில் நிலக்கரியோடு எரிந்த தாதுக்கள் உருகி, புகையோடு பறக்கும்போதே குளிர்ந்து உருண்டுபோனவை. சில உள்ளே வெறும் கூடு, தண்ணீரில் மிதக்கும். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017 மார்ச் 31-இல் நின்றுவிட்டது. அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழம்பு, குழாய் வழியாக ஆற்றைக் கடந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிறது. அந்தக் குழாய்கள் கசிந்த கதையை இங்குள்ள மீனவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

இப்படிப்பட்ட பொருளைக் கேமராவால் முழுக்கக் கூர்மையாகப் படம் பிடிக்க ஒரே வழி ஃபோகஸ் ஸ்டாக்கிங்தான். ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் கூர்மையாக விழுந்த பகுதியை மட்டும் மென்பொருளால் பொறுக்கி ஒன்றாக்கும் முறை அது. அதைச் சுற்றி உலவும் நம்பிக்கைகள் நிறைய.

“அப்பர்ச்சரை எஃப் 22-க்கு மூடிவிட்டால் ஸ்டாக்கிங்கே வேண்டாம்.”

நிலக்காட்சி எடுத்துப் பழகியவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து மடங்கு பெருக்கத்தில், எஃப் 2.8-இல், ஃபுல் ஃப்ரேம் கேமராவில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 0.04 மி.மீ. எஃப் 22 வரைகூட வேண்டாம், எஃப் 16-க்கு மூடினாலே 0.23 மி.மீ. ஆகிறது. ஆறு மடங்கு லாபம் போலத் தெரிகிறதல்லவா? ஆனால் பெருக்கம் கூடக்கூட அப்பர்ச்சரும் தானாகச் சுருங்கிக்கொண்டே போகும். லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை, பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். ஐந்து மடங்கில் எஃப் 16 என்பது உண்மையில் எஃப் 96. அந்தத் துளையில் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, ஒரு புள்ளியை 0.13 மி.மீ. வட்டமாக்கிவிடும். 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 0.006 மி.மீ. ஆக, ஒரு புள்ளி இருபது பிக்சலுக்கு மேல் கலங்கி நிற்கும். அந்தப் படத்தில் ஒரு மெகாபிக்சல் விவரம்கூடத் தேறாது. முன்னும் பின்னும் ஒரே சீராக மங்கலாக இருப்பதைத்தான் பலர் ‘நல்ல ஆழம்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

துளையைத் திறந்தே வைத்து, 30 மைக்ரான் இடைவெளியில் 35 படங்கள் எடுத்தால் ஒரு மி.மீ. ஆழமுள்ள எறும்புத் தலை முழுக்கக் கூர்மையாக வந்துவிடும்.

“ஆயிரக்கணக்கில் எடுத்தால்தான் தரம்.”

இதற்கு எல்லாரும் காட்டும் சாட்சி லெவன் பிஸ். ஆக்ஸ்ஃபோர்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 2016-இல் பூச்சிப் படக் கண்காட்சி வைத்த பிரிட்டன்காரர். ஒரு பூச்சிக்குச் சுமார் 8,000 படங்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர் பூச்சியைச் சுமார் 30 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக ஒளி அமைத்து எடுத்தார். உழைப்பு முழுதும் அந்த ஒளி அமைப்பில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் காப்பியடிப்பதில் பயனில்லை.

எத்தனை படம் என்பதைப் பொருளின் உயரமும் லென்ஸும் முடிவு செய்யும். திருவொற்றியூர் மணலில் அரை மி.மீ. பருக்கை ஒன்றைப் பத்து மடங்கு, என்ஏ (ஒளி வாங்கும் திறனின் அளவு) 0.28 உள்ள மைக்ராஸ்கோப் ஆப்ஜெக்டிவில் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் கூர்மை ஆழம் ஏழு மைக்ரான். ஐந்து மைக்ரானுக்கு ஒரு படம் என்றால் நூறு போதும். இடைவெளியை ஒரு மைக்ரானாகக் குறைத்தால் ஐந்நூறு படமும் நிறைந்துபோன ஹார்டு டிஸ்க்கும்தான் மிச்சம். இடைவெளி ஏழைத் தாண்டினாலோ, படத்தில் கூர்மையும் மங்கலும் மாறி மாறிப் பட்டை பட்டையாக விழும்.

“வடசென்னையில் இதெல்லாம் நடக்காது. டிரெய்லர் போனாலே வீடு ஆடுகிறது.”

இந்தக் கவலை நியாயமானது. பத்து மடங்கில் ஒரு பிக்சல் என்பது பொருளின் மேல் 0.6 மைக்ரான். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி குலுங்கினால் அதைவிடப் பல மடங்கு ஆட்டம் வரும். ராத்திரி எடுத்துக்கொள்ளலாம் என்பது மற்ற ஏரியாக்காரர்களுக்குச் சொல்லும் யோசனை. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ராத்திரி என்று ஒன்று கிடையாது.

ஆனால் படத்தைக் கெடுப்பது ஆட்டம் அல்ல. கேமரா ஒரு விதமாகவும் பொருள் வேறு விதமாகவும் ஆடுவதுதான் கெடுக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆடினால் சென்சாருக்கு எதுவும் தெரியாது. அதனால் ட்ரைபாடைத் தூக்கி ஓரமாக வையுங்கள். கேமரா, அதை முன்பின் நகர்த்தும் ரெயில், பொருள் வைக்கும் மேடை மூன்றையும் ஒரே கனமான இரும்புத் தகட்டிலோ கடப்பா கல்லிலோ இறுக்கிப் பூட்டுங்கள். கல்லுக்கு அடியில் ரப்பர் துண்டுகள். மாடியைவிடத் தரைத்தளம் மேல். விளக்குக்கு எல்இடியை விட ஃப்ளாஷ் உகந்தது: குறைந்த சக்தியில் வைத்தால் அதன் வெளிச்சம் சுமார் பத்தாயிரத்தில் ஒரு நொடிதான் இருக்கும், அதற்குள் எதுவும் நகர முடியாது. படத்துக்குப் படம் பொருள் இம்மி இடம் மாறியிருந்தால் மென்பொருள் சரிசெய்துவிடும். ஒரு படத்துக்குள்ளேயே விழுந்த கலங்கலை எந்த மென்பொருளும் சரிசெய்யாது.

ஃப்ளாஷ் ஒளியைப் பரப்ப ஒரு பொருள் வேண்டும். தெர்மாகோல் கப் என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அது 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள். ட்ரேசிங் பேப்பரைச் சுருட்டிக் குழாயாக்கினால் போதும். கண்ணாடி உருண்டைக்கு இது கட்டாயம். இல்லாவிட்டால் ஒவ்வோர் உருண்டையிலும் ஃப்ளாஷ்தான் வெள்ளைப் புள்ளியாக மின்னும்.

“லட்சக்கணக்கில் செலவு.”

செலவழிக்க வழி நிறைய உண்டு. 1999-இல் வந்த கேனன் எம்பி-ஈ 65 லென்ஸ், ஒன்றிலிருந்து ஐந்து மடங்கு வரை தரும். மிட்டுடோயோவின் பத்து மடங்கு ஆப்ஜெக்டிவுக்கும் பொருளுக்கும் நடுவே 34 மி.மீ. இடம் கிடைக்கும், ஒளி தாராளமாக உள்ளே வரும், பணம் அதற்குத்தான். மாணவர் மைக்ராஸ்கோப்பின் பத்து மடங்கு ஆப்ஜெக்டிவ் பொருளுக்கு மிக அருகில் நிற்கும், ஃப்ளாஷ் உள்ளே நுழைவது கடினம்.

ஆகவே பத்தை மறந்துவிட்டு நான்கில் தொடங்குங்கள். ‘4/0.10’, ‘160’ என்று பொறித்த ஆப்ஜெக்டிவ் ஆய்வகச் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அதன் தோளிலிருந்து சென்சார் வரை சுமார் 150 மி.மீ. தூரம் இருக்க வேண்டும், நடுவில் ஒரு குழாய் வரும். கேமராவில் மாட்ட வளையம் வேண்டுமா? ராயபுரம், தண்டையார்பேட்டைச் சந்துகளில் இருக்கும் லேத் பட்டறைகளுக்கு இது சின்ன வேலை. வெளி விட்டம் 0.8 அங்குலம், அங்குலத்துக்கு 36 மரை என்று ஆப்ஜெக்டிவைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். குழாயின் உட்புறத்துக்கு மேட் கறுப்புப் பூச்சுப் பூச மறக்க வேண்டாம். பளபளத்தால் படம் வெளுக்கும். வாங்கும்போது ‘160’ இருக்கும் இடத்தில் முடிவிலிக் குறி இருந்தால் கவனம். அந்த வகைக்கு வெறும் குழாய் போதாது, பின்னால் 200 மி.மீ. லென்ஸ் ஒன்று வேண்டும்.

ரெயிலும் அப்படித்தான். ரிச்சி தெருவில் கிடைக்கும் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி எடுத்து வைக்கும். அதை ஒரு மி.மீ. புரியுள்ள ஸ்க்ரூவில் பூட்டினால் ஓர் அடிக்கு ஐந்து மைக்ரான். மேலே மணல் பருக்கைக்குச் சொன்ன கணக்கு அதேதான்.

கேமராவிலேயே ஃபோகஸ் நகர்த்தும் வசதி வந்துவிட்டதே என்பார்கள். ஒலிம்பஸ் 2015-இல் கொடுத்தது, நிக்கான் டி850 2017-இல். ஒன்றுக்கு ஒன்று பெருக்கம் வரை அது அருமையாக வேலை செய்யும். ஆப்ஜெக்டிவ் மாட்டினால் நகர்த்த ஃபோகஸ் மோட்டாரே இல்லை, ரெயில்தான் கதி.

“ஒட்டுப்போட்ட படம் பொய்ப்படம். பூச்சியைக் கொல்லாமலும் எடுக்க முடியாது.”

கலிஃபோர்னியா அறிவியல் அகாடமியின் ஆன்ட்வெப் தளத்தில் இருக்கும் எறும்புப் படங்கள் ஸ்டாக் செய்தவைதான். அவற்றைப் பார்த்துத்தான் உலகெங்கும் எறும்பு இனம் பிரிக்கிறார்கள். பொய் நுழையும் இடம் வேறு. ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகும் மயிர்களைச் சுற்றி மென்பொருள் ஒளிவட்டம் போடும். முன்னால் இருக்கும் காலுக்குள்ளே பின்னால் இருப்பது தெரிவதுபோலக் காட்டும். ஜெரீன் ஸ்டாக்கர் என்ற மென்பொருளில் மயிர் நிறைந்த பொருளுக்கு பிமேக்ஸ் முறை, வழவழப்பான பரப்பின் நிறத்துக்கு டிமேப் முறை. இரண்டிலும் செய்து தேவையான இடத்தை மட்டும் எடுத்துச் சேர்ப்பவர்களே கெட்டிக்காரர்கள்.

உயிருள்ள சிலந்தியை ஃப்ரிட்ஜில் வைத்து மரக்கச் செய்து எடுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. விடியற்காலையில் அசையாமல் இருக்கும் பூச்சியைக் கையில் பிடித்த கேமராவாலேயே பத்து இருபது படங்களில் எடுத்துவிடலாம். அதற்கு மேல் பெருக்க ஆசை என்றால் நகராத பொருளுக்கு வாருங்கள். இந்தக் கரை மணலில் குவார்ட்ஸ், இளஞ்சிவப்புக் கார்னெட், கறுப்பு இல்மனைட், கிளிஞ்சல் துணுக்கு என்று ஒரு சிட்டிகைக்குள்ளேயே ஓர் ஆண்டு வேலை இருக்கிறது. நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகு எடுங்கள். இல்லையேல் உப்புப் படிகம்தான் படத்தில் வரும். சாம்பலைத் தொடுவதென்றால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், மின்விசிறியை அணைத்துவிடுங்கள்.

படம் தயாரானதும் அதில் ஓர் அளவுகோட்டைப் போடுங்கள். கீழே எத்தனை மடங்கு, எத்தனை படங்கள், எந்தக் கரையில் எந்தத் தேதியில் எடுத்த மணல் அல்லது சாம்பல் என்பதை எழுதுங்கள். அந்த நான்கு விவரமும் இருந்தால் ஒரு மண்ணியல் மாணவருக்கோ, ஆற்றுக்காக வழக்காடும் மீனவருக்கோ அது உதவும். இல்லாவிட்டால் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான்.