பெயரறியா எதிராளியும் மூடுண்ட தளங்களும்

'3' என்னும் திரைப்படத்தின் 'கொலவெறி' பாடல் முற்றுப்பெறாத வடிவில் முதலில் இணையத்தில் கசிந்தது. அதன் பின்னரே, 16.11.2011 அன்று, சோனி மியூசிக் நிறுவனம் அதனை யூடியூபில் முறைப்படி வெளியிட்டது. பகிர்வே அப்பாடலை உலகறியச் செய்தது எனலாம். ஆயின், 2012 மார்ச்சுத் திங்களில் படம் வெளிவந்தபோது, தயாரிப்பாளரான ஆர்.கே. புரொடக்ஷன்ஸ் அதே பகிர்வைத் தடுக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. இதனை முரண் என நாம் கருதவில்லை. பாடல் விளம்பரம், படமோ விற்பனைப் பொருள்.

திருடியவர் யாரெனத் தெரியாத வழக்கில் எதிராளியை 'அசோக்குமார்' எனக் குறிப்பது நீதிமன்ற வழக்கம். (அகத்திணையில் தலைவன் பெயர் சுட்டப்பெறான், ஈண்டோ பெயரறியாதானுக்கும் ஒரு பெயர் உண்டு!) அவ்வாறு பெற்ற இடைக்காலத் தடையைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் மே மாதத்தில் விமியோ, டெய்லிமோஷன் முதலிய தளங்களை முற்றாக மூடின. ஒரு மீனுக்காகப் பாக் நீரிணையையே அடைத்தாற் போன்றது இச்செயல் என்றால், நம் ஜெகதாப்பட்டினத்து மாணவர்க்கு எளிதில் விளங்கும். தம் சொந்தக் குறும்படங்களை அங்கு வைத்திருந்தோர்க்கும் வாயில் அடைபட்டது. அவர்கள் எவர் பொருளையும் கவர்ந்தவர் அல்லர்.

22.6.2012 அன்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது: திருட்டுப்படம் உள்ள குறிப்பிட்ட முகவரிக்கே தடை பொருந்தும், தளம் முழுமைக்கும் அன்று. முந்தைய நாள் நடைமுறைக்கு வந்திருந்த பதிப்புரிமைத் திருத்தச் சட்டமோ, உரிமையாளர் எழுத்துமூலம் முறையிட்டால் தளம் அப்பகுதியை நிறுத்தி வைக்க வேண்டும், 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை வாராவிடின் மீண்டும் திறக்கலாம் என்றது. புதுப்படம் திரையரங்கில் நிற்கும் காலமே பல வேளை அவ்வளவுதான். ஆதலின் தயாரிப்பாளர்க்கு அது போதிய காவல். பொய் முறையீட்டால் முடங்கிய குறும்படத்திற்கோ 21 நாள் மிக நெடிது.