யார் கையால் வாங்கிக் குடிக்கிறார்கள்?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் கதையின் முதல் அத்தியாயங்களைப் படித்துவிட்டேன். மலைநாட்டு மக்களுக்கு நீ வைத்திருக்கும் பெயர்கள் அழகாக இருக்கின்றன. அவர்களுடைய போர் முறையையும் நம்ப முடிகிறது. ஆனால் வீரர்கள் மதுவிடுதியில் உட்கார்ந்து நுரை ததும்பப் பீர் குடிக்கும் இடத்தில் எனக்குக் கதை நின்றுவிட்டது. அந்த மலையில் பார்லி எங்கே விளைந்தது? விளையக்கூடாது என்றில்லை. லடாக்கின் உயரத்தில்கூடப் பார்லி விளைகிறது. அதை ஊறவைத்து ‘சாங்’ என்ற மதுவைச் செய்கிறார்கள். விளைகிறது என்றால் வயல் இருக்க வேண்டும், அறுவடை இருக்க வேண்டும், பஞ்ச காலத்தில் தானியத்தைத் தின்பதா ஊறவைப்பதா என்ற சண்டை வர வேண்டும். உன் கதையில் இவை எதுவும் இல்லை. அந்த மதுவிடுதி உன் மலையில் முளைத்ததல்ல, நீ பார்த்த ஆங்கிலப் படங்களிலிருந்து வந்தது.

கற்பனை மக்கள் என்ன குடிக்கிறார்கள், யார் ஊற்றிக் கொடுக்கிறார்கள், யார் முதலில் வாங்குகிறார்கள் என்பதையெல்லாம் நீ அலங்காரம் என்று நினைக்காதே. ஒரு சமூகத்தின் விளைச்சல், வாணிகம், மேல்கீழ், அன்பு, அச்சம் அத்தனையும் அந்தக் கோப்பையில் இருக்கின்றன. இதை என்னைவிட ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் உனக்கு நன்றாகக் கற்றுத்தருவார்.

1937-இல் வந்த அவருடைய ‘தி ஹாபிட்’ நாவலை எடுத்துக்கொள். குள்ளர்கள் பதின்மூன்று பேர் காட்டு எல்ஃப் அரசனின் சிறையில் கிடக்கிறார்கள். அரசனின் மது அறைப் பொறுப்பாளனும் காவல் தலைவனும் அரச விருந்துக்கென்று வந்த திராட்சை மதுவை ருசி பார்க்கிறார்கள். அது டோர்வினியன் தோட்டங்களின் கடுமையான சரக்கு. சிறு கிண்ணத்தில் அளவாகக் குடிக்க வேண்டியது, பணியாளர்களுக்கு உரியதுமல்ல. பெரிய கிண்ணத்தில் குடித்த இருவரும் தூங்கிப்போகிறார்கள், சிறைப்படாமல் ஒளிந்திருக்கும் குள்ளர்களின் தோழன் பில்போ சாவியை எடுத்துவிடுகிறான். அந்தக் காட்டில் திராட்சை விளைவதில்லை. மது தூர தேசத்திலிருந்து வருகிறது. காலிப் பீப்பாய்கள் ஆற்றோடு ஏரி நகரத்துக்குத் திரும்பிப் போகின்றன. அந்தப் பீப்பாய்களில் ஒளிந்துதான் குள்ளர்கள் தப்புகிறார்கள். வாணிகப் பாதையும் வேலைக்காரன் தொடக்கூடாத மதுவும் இல்லாவிட்டால் கதை சிறையிலேயே முடிந்திருக்கும்.

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–55) இன்னும் ஆழமானது. ரோஹன் நாட்டில் அரசன் தியோடன் போருக்குக் கிளம்பும் நேரம். அவனுடைய தங்கை மகள் இயோவின் மதுக்கோப்பையை ஏந்தி வருகிறாள். முதலில் அரசன் குடிக்கிறான், பிறகு விருந்தாளிகளிடம் கோப்பை போகிறது. விருந்தாளிகளில் ஒருவனான அரகார்ன் அதை வாங்கும்போது இருவர் கைகளும் தொட்டுக்கொள்கின்றன. அவள் நடுங்குவதை அவன் உணர்கிறான். அந்தக் காதலை இரு தரப்பும் அறிந்துகொள்ள அவ்வளவு போதும். அரச குலத்துப் பெண் தன் கையால் கோப்பை கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் இருப்பதால்தான், ஊர் பார்க்க அவள் அவன் முன்னால் போய் நிற்க முடிந்தது. பின்னால் தியோடனின் ஈமச் சடங்கிலும் இயோவின் பொற்கோப்பையோடு வருகிறாள். பாணன் ரோஹன் அரசர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி வருகிறான். தியோடன் பெயர் வந்ததும் புதிய அரசனான இயோமர் கோப்பையைக் காலி செய்கிறான். பிறகு கூடியிருப்பவர்கள் எல்லாம் எழுந்து புதிய அரசனுக்காகக் குடிக்கிறார்கள்.

டோல்கீன் இந்த வழக்கத்தை வெறுமையிலிருந்து உண்டாக்கவில்லை. அவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்சன் மொழிப் பேராசிரியராக இருந்தவர். பழைய ஆங்கிலக் காவியமான ‘பேவுல்ஃப்’ பற்றி 1936-இல் அவர் ஆற்றிய உரையை இன்றும் படிக்கிறார்கள். அந்தக் காவியத்தில் அரசி வெயல்த்தியோவ் மண்டபத்தில் கோப்பை ஏந்தி வந்து முதலில் கணவனுக்குக் கொடுக்கிறாள், பிறகு வீரர்களுக்குக் கொடுத்துக்கொண்டே பேவுல்ஃபிடம் வருகிறாள். அந்த நடையில் மண்டபத்தில் இருப்பவர்களின் தகுதி வரிசை முழுவதும் தெரிந்துவிடும். வாழ்நாள் படிப்பிலிருந்து ஒரு சடங்கை எடுத்து, அதற்குள் ஒரு பெண்ணின் நடுங்கும் கையை வைத்தார் டோல்கீன். நீயும் படித்துத்தான் இதைச் செய்ய வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தடுத்து வரும் இரண்டு அத்தியாயங்கள். முதலாவதில் குட்டையான ஹாபிட் இனத்தைச் சேர்ந்த மெர்ரியும் பிப்பினும் ஓர்க்குகளிடம் கைதிகள். ஓர்க் தலைவன் உக்லுக் இருவர் வாயிலும் எரியும் திரவம் ஒன்றை வலுக்கட்டாயமாக ஊற்றுகிறான். வலி போய்விடுகிறது, கால்களில் வலு வருகிறது. கைதிகள் ஓடுவதற்கான வலு அது. அடுத்த அத்தியாயத்தில் அதே இருவர் மரங்களைப் போன்ற என்ட்களில் மூத்தவரான ட்ரீபியர்டின் வீட்டில் இருக்கிறார்கள். அவர் கிண்ணங்களில் ஒரு பானம் தருகிறார். பார்வைக்குத் தண்ணீர் போலிருக்கிறது. காட்டின் வாசனை அதில் இருக்கிறது. என்ட்களுக்கு உணவே அதுதான். அதைக் குடித்த ஹாபிட்கள் இருவரும் பின்னால் உயரமாக வளர்ந்துவிடுகிறார்கள். இரண்டு பானங்களுமே உடம்புக்குத் தெம்பு தருபவைதான். ஒன்றைக் கொடுத்தவன் கைதியாகப் பார்த்தான், மற்றவர் விருந்தாளியாகப் பார்த்தார். நல்லவர், கெட்டவர் என்று ஆசிரியர் நமக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியமே வரவில்லை.

உன் கதையில் வெவ்வேறு இனங்கள் சந்திக்கும் காட்சிகளுக்கு, அதே நாவலில் வரும் படைத்தலைவன் ஃபாரமிரின் குகையைப் பார். சாப்பிடும் முன் அவனும் அவன் வீரர்களும் மேற்கு நோக்கி ஒரு கணம் மௌனமாக நிற்கிறார்கள். கடலில் மூழ்கிய முன்னோர் நாடு அந்தத் திசையில் இருந்தது. ஹாபிட்களுக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லையா என்று அவன் கேட்க, அவனுடைய விருந்தாளியான ஹாபிட் ஃப்ரோடோவுக்குத் தான் பட்டிக்காட்டான் போலத் தோன்றிவிடுகிறது. விருந்து கொடுப்பவரை வணங்குவோம், உண்டபின் நன்றி சொல்வோம் என்கிறான். ஒரு நாடு இழந்ததை நினைக்கிறது, இன்னொரு நாடு எதிரில் இருப்பவரை நினைக்கிறது. இரு வரலாறுகளையும் டோல்கீன் அந்த இடத்தில் விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

மதுவே வேண்டும் என்பதும் இல்லை. ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் ‘ட்யூன்’ (1965) நாவலில் ஃப்ரெமன் மக்கள் ஒரு பாலைவனக் கிரகத்தில் வாழ்கிறார்கள். அவர்களுடைய தலைவர்களில் ஒருவனான ஸ்டில்கார், கிரகத்தை ஆள வந்த பிரபு லீட்டோவின் மேஜையில் துப்புகிறான். அவமானம் என்று எல்லோரும் கொதிக்க, உடம்பின் ஈரத்தையே காணிக்கையாகக் கொடுத்திருக்கிறான் என்று அந்த மக்களை அறிந்த, லீட்டோவின் வீரனான டங்கன் ஐடஹோ நன்றி சொல்கிறான். அதே கிரகத்தின் பணக்காரர்கள் விருந்துக்கு வரும்போது தண்ணீரைத் தரையில் கொட்டித் துண்டுகளில் கை துடைத்துப் போடுவார்கள். அந்தத் துண்டுகளைப் பிழிந்த நீருக்காக வாசலில் பிச்சைக்காரர்கள் காத்திருப்பார்கள். லீட்டோ அந்த வழக்கத்தை நிறுத்துகிறான். அவன் எப்படிப்பட்ட ஆட்சியாளன் என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அர்சுலா லெ குவின் 1969-இல் எழுதிய ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ நாவலின் குளிர்க் கிரகத்தில் சூடான பீர் குடிக்கிறார்கள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் பானத்தின் மேல் உறையும் பனியை உடைக்கத் தனிக் கருவியே வைத்திருக்கிறார்கள். உன் பனிமலைக்கு இந்தப் புத்தகம் நிச்சயம் உதவும்.

ஆகவே அந்த மதுவிடுதிக் காட்சியை எடுத்துவிடு. உன் மலையில் என்ன விளைகிறது, என்ன மேய்கிறது என்று முதலில் தீர்மானி. பாலைப் புளிக்கவைப்பார்களா, தேனை ஊறவைப்பார்களா, வெந்நீரில் இலை போடுவார்களா? குழந்தைக்கும் கிழவிக்கும் யார் கொடுப்பார்கள்? பகைவன் வந்து கேட்டால் மறுக்கலாமா? தலைவன் வாங்க மறுத்தால் அதற்கு என்ன பொருள்? இவற்றுக்கு நீயே பதில் கண்டுபிடித்த பிறகு எழுது. முழுப் பதிலையும் கதையில் கொட்டாதே.

டோல்கீனைத் திரையில் மட்டும் பார்த்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ புத்தகத்தின் கடைசிப் பகுதியைக் கட்டாயம் படி. ஹாபிட்கள் போரில் வென்று ஊர் திரும்பும்போது மதுவிடுதிகள் மூடிக் கிடக்கின்றன, சுவரில் சட்டதிட்டங்கள் ஒட்டியிருக்கின்றன, ஊராருக்குப் பீர் கிடையாது, புதிய அதிகாரியின் ஆட்களுக்கு மட்டும் உண்டு. கொடுங்கோன்மை தங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது என்று அவர்களுக்கு அங்கேதான் புரிகிறது. பீட்டர் ஜாக்சன் இயக்கி 2003-இல் வெளிவந்த படத்தில் அந்த அத்தியாயம் இல்லை.

அன்புடன்,
அத்தை