எளிய வாழ்வுக்கும் கணக்கு உண்டு

மரத்தைக் கீறி, அது தரும் நீரைக் கலத்தில் ஏந்திக் குடும்பம் நடத்துவது பால்மரக் காட்டுக்கு மட்டும் உரிய தொழில் அன்று. அமெரிக்காவின் வடகிழக்கில், பனி உறையும் வெர்மான்ட் மாநிலத்தில், மேப்பிள் என்னும் மரத்திலிருந்து இனிப்பு நீர் இறக்குகின்றனர். அத்தொழிலை நம்பி நகரத்தை விட்டு நாட்டுப்புறம் சென்ற ஒரு குடும்பத்தின் வரலாற்றை இத்திங்கள் பாடமாகக் கொள்வோம்.

ஸ்காட் நியரிங் பொருளியல் பேராசிரியர். சிறுவர்களை ஆலை வேலைக்கு அமர்த்துவதைக் கண்டித்துப் பேசி வந்த அவர், 1915-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். அவருடைய வாழ்க்கைத் துணைவியான ஹெலன், வயலின் பயின்றவர். பொருளாதார மந்தத்தால் மக்கள் வேலையிழந்து வாடிய 1932-ஆம் ஆண்டில், இருவரும் நியூயார்க் நகரை நீங்கி, வெர்மான்டில் பாழ்பட்டுக் கிடந்த பண்ணை ஒன்றை வாங்கிக் குடியேறினர்.

இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறி மாறி வரும் சில வாரங்களில்தான் மேப்பிள் நீர் நன்றாக ஓடும். மரத்தில் துளையிட்டுச் சிறு குழாய் பொருத்தி, வாளியைத் தொங்கவிடுவர். நாம் பால் வெட்டும்போது கத்தி பட்டையோடு நிற்க வேண்டும்; மேப்பிளிலோ துளை மரத்தினுள்ளேயே செல்லும். ஏறத்தாழ 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு கிடைக்கும். உழைப்பின் அருமையை நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

அக்குடும்பம் வாழ்ந்த முறை யாது? காய்கறிகளைத் தாமே பயிரிட்டனர். இலைதழைகளை மக்கவைத்து எருவாக்கினர். கல்லடுக்கித் தம் கையாலேயே வீடு கட்டினர். ஓராண்டுச் செலவுக்குத் தேவைப்படும் ரொக்கம் எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த அளவுக்குப் பாகு காய்ச்சி விற்றனர். வங்கிக் கடனை நாடுவதில்லை என்று விதி வகுத்துக்கொண்டனர். நாளில் நான்கு மணி நேரம் பிழைப்புக்கான உழைப்பு. நான்கு மணி நேரம் படிப்பு, எழுத்து, இசை. 1952-இல் மேய்ன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த பின்னரும் இம்முறையைக் கைவிடவில்லை. தம் அனுபவத்தை 1954-இல் நூலாகவும் வெளியிட்டனர். ஸ்காட் 1983-இல், நூறு வயது நிறைந்த சில நாள்களில் மறைந்தார்.

இதைப் படிக்கும் தோட்டத் தொழிலாளர் ஒருவர், “ஐயா, நாங்கள் எளிமையாகத்தானே வாழ்கிறோம், எங்களுக்கு ஏன் இப்பாடம்?” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தேவையைத் தானே குறைத்துக்கொள்வது எளிமை. தேவையானது கிடைக்காமல் தவிப்பது வறுமை. குறைந்த கூலிக்கு எளிமை மருந்தாகாது. மேலும், நியரிங் குடும்பத்தாருக்குச் சொந்த நிலம் இருந்தது. நூல்களாலும் சொற்பொழிவுகளாலும் வருவாய் கிடைத்தது. தோட்ட வீடோ வேலையோடு வருவது. வேலை நின்றால் வீடும் போகும். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோதும், வீட்டுமனைகளாக மாறியபோதும் நம் குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் மறக்கலாகாது.

ஆகவே, அவர்களிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது காட்டு வாழ்க்கையை அன்று, கணக்கை. சம்பள நாளில் கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து, அரிசிக்கு எவ்வளவு, பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு, கடைக்காரர் பற்று எவ்வளவு, மதுவுக்குப் போனது எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுக. மூன்று மாதம் எழுதினால் ஓட்டை எங்கே என்பது தெரிந்துவிடும். வீட்டோரத்தில் இடமிருந்தால் கீரையும் முருங்கையும் மரவள்ளியும் வைத்து, அவற்றால் மிச்சமாகும் வெள்ளியைத் தனியே சேர்த்து வருக. அச்சேமிப்பு நமக்கெனச் சொந்த வீடு தேடும் நாளில் முன்பணத்துக்கு உதவும்.

மங்கு நிறையப் பால் வடிந்தாலும், அடியில் ஓட்டை இருந்தால் வாளிக்கு வந்து சேருவது ஒன்றுமில்லை. இதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?