தவறைக் காட்டிக்கொடுக்கும் கூடும் மருந்தும்

அன்புள்ள இளங்கோ,

.38 ஸ்பெஷல் ரிவால்வரில் குறிபார்த்துச் சுடப் பழகிவிட்டாய் என்றும், இனித் தோட்டாக்களை வீட்டிலேயே அடைக்கப்போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். எந்தப் பித்தளைக் கூடு, எந்த மருந்து வாங்கலாம் என்பது உன் கேள்வி. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். நீ இருக்கும் ஒஹாயோவில் சொந்த உபயோகத்துக்கு அடைத்துக்கொள்ளத் தனி உரிமம் வேண்டியதில்லை. அடைத்து விற்கப் புகுந்தால்தான் உரிமம் வேண்டும். 1907இல் தேசியத் துப்பாக்கிப் போட்டிகள் வந்து சேர்ந்த கேம்ப் பெர்ரி உன் மாநிலத்தில்தான் இருக்கிறது. இந்தக் கைவேலைக்கு அங்கே நீண்ட மரபு உண்டு. ஆனால் தொழிற்சாலையில் தோட்டாவைச் சோதிக்கக் கருவிகளும் ஆட்களும் உண்டு. வீட்டு மேசையில் உன் கண் ஒன்றுதான். அதனால் என் பதில் இது: விலையையும் வேகத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தவறு நேர்ந்தால் அது பளிச்சென்று கண்ணில் படும்படியான கூட்டையும் மருந்தையும் முதலில் தேடு.

கூட்டிலிருந்து தொடங்குகிறேன். தோட்டாக் கூட்டுப் பித்தளையில் ஏறத்தாழ 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். மருந்து எரியும்போது கூடு விரிந்து, துப்பாக்கியில் அது உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்பக்கம் வராமல் அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி, வெளியே எடுக்க இடம் கொடுக்கிறது. இப்படி விரிந்து சுருங்கும் குணம் என்றைக்கும் நிலைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறோம், குண்டு நுழைய வாயை விரிக்கிறோம், பிறகு மடக்கி இறுக்குகிறோம். பித்தளை இறுகி, முறியும் தன்மை பெறுகிறது. .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்த அழுத்த எல்லை சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் நேரான சுவருள்ள கூடு பெரும்பாலும் வாயில்தான் தளரும். விளிம்பில் மயிரிழை போன்ற பிளவு தெரியும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கலாம். இப்படித் தன் குறையைத் தானே சொல்லும் கூட்டில் கற்றுக்கொள்வதுதான் நல்லது.

9 மி.மீ. கூடு அப்படியல்ல. அதன் எல்லை 35,000 பவுண்டு, இரு மடங்குக்கும் மேல். சில பிஸ்டல்களில் கூட்டின் அடிப்பகுதியில் ஒரு சிறு இடத்துக்கு அறையின் தாங்கல் இருக்காது. அங்கே பித்தளை புடைத்துவிடும். சுடுதளத்தில் கீழே கிடக்கும் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டால் காசு மிச்சம் என்று உன் நண்பர்கள் சொல்லக்கூடும். ஆனால் அவை எந்தத் துப்பாக்கியில் எத்தனை முறை வெடித்தவை என்று உனக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், அச்சில் அழுத்தியதும் புடைப்பு மறைந்து, கூடு புதிது போல நிற்பது. தளர்ச்சி உள்ளே இருக்கும், தடயம் மட்டும் போய்விடும். பொறுக்கியெடுத்த கூட்டைப் பார்த்தால் அச்சில் போடுவதற்கு முன்பே பார்க்கவேண்டும். பின்னால் பார்த்துப் பயனில்லை. தொடக்கத்தில் ஒரே நிறுவனத்தின் புதுக் கூடுகளையோ, நீயே வாங்கிச் சுட்ட தோட்டாக்களின் கூடுகளையோ மட்டும் வைத்துக்கொள். எத்தனையாவது முறை அடைக்கிறாய் என்று பெட்டி மேலேயே எழுது.

பித்தளையின் உள்நோயைப் பற்றி நம் நாட்டு மழைக்காலமே ஒரு பாடம் கொடுத்திருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் படைகளின் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்தபோது, யாரும் சுடாமலே கூடுகள் விரிசல் கண்டன. மழைக்காலத்தில் இது மிகுதியாக இருந்ததால் பருவ வெடிப்பு என்ற பெயரும் வந்தது. காரணம் 1921இல்தான் துலங்கியது. கூட்டை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிடும் இறுக்கத்தோடு, குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா சேர்ந்ததும் பித்தளை பிளந்திருக்கிறது. பிறகு, அளவாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதே வழி என்று கண்டார்கள். உனக்கு இதில் நேரடிப் பயன் ஒன்று உண்டு. கூடு பளபளக்கவேண்டும் என்று அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷை எடுத்துவிடாதே. மினுமினுப்பு வரும், உள்ளே விரிசலுக்கு வித்தும் விழும். மக்காச்சோளத் தக்கைத் துருவலில் போட்டு உருட்டினாலே அழுக்குப் போய்விடும். பளபளப்பு குறிபார்ப்பதற்கு எந்த வகையிலும் உதவாது. பிளவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சுத்தமாக இருந்தால் போதும்.

இனி மருந்து. என் வாதத்தின் கனம் இங்கேதான் இருக்கிறது. .38 ஸ்பெஷல் பிறந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில். கூட்டின் கொள்ளளவு கருமருந்துக்கு ஏற்ப அமைந்தது. கருமருந்து ஏறக்குறைய கூட்டையே நிரப்பும். பிறகு புகையில்லா மருந்து அந்த இடத்தைப் பிடித்தது. நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் கொண்டது ஒரு வகை, அதோடு நைட்ரோகிளிசரின் சேர்ந்தது இன்னொரு வகை. நீலகிரி அருவங்காட்டுத் தொழிற்சாலைக்குப் பெயர் தந்த கார்டைட் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. கைத்துப்பாக்கி மருந்துகளில் புகழ்பெற்ற புல்ஸ்ஐயும் அதே வகைதான். சிறு அளவிலேயே பெரும் ஆற்றல் என்பதால் கூடு முக்கால்வாசி காலியாகிவிட்டது. 148 கிரெயின் ஈயக் குண்டுக்குப் பின்னால் 2.7 கிரெயின் புல்ஸ்ஐ என்பது குறிச்சுடுவோர் தலைமுறைகளாகப் போட்டுவரும் அளவு. 2.7 கிரெயின் என்றால் ஒன்றரைக் குன்றிமணி எடைகூட வராது. கூட்டுக்குள் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இடத்தைத்தான் பிடிக்கும். கவனம் சிதறி அதே கூட்டில் இரண்டாம் தடவை மருந்து விழுந்தாலும் வழியாது. மேலே குண்டை வைத்து அழுத்திவிட்டால் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. ரிவால்வரின் உருளை வெடித்துச் சிதற அந்த ஒரு தோட்டா போதும்.

ஆகவே ஒரு தடவைக்கே கூட்டில் பாதிக்குப் பக்கமாக நிற்கும் பருமனான மருந்தைத் தேர்ந்தெடு. செதில் செதிலாக இருக்கும் யூனிக் புல்ஸ்ஐயைவிட அதிகம் நிற்கும். வளையம் வளையமாகச் செய்த டிரெயில் பாஸ் இன்னும் பருமன். இரண்டாம் தடவை போட்டால் அநேகமாக விளிம்பிலேயே நின்றுவிடும். ஆனால் அதைக் குண்டால் அமுக்கக்கூடாது, கடையில் எப்போதும் கிடைப்பதும் இல்லை. எதை வாங்கினாலும் அளவை மருந்து நிறுவனத்தின் இப்போதைய கையேட்டிலிருந்து மட்டும் எடு. உன் குண்டின் எடையும் வகையும் அதில் உள்ளதோடு பொருந்தவேண்டும். கையேடு சொல்லும் குறைந்த அளவிலிருந்து தொடங்கு. ஐம்பது கூடுகளையும் துளையிட்ட பலகையில் நிறுத்தி, மருந்து போட்டு முடித்ததும், ஒரு குண்டைக்கூட வைப்பதற்கு முன் டார்ச் அடித்து மேலிருந்து வரிசையாகப் பார். ஒன்று மட்டும் உயர்ந்து நின்றால் கண்ணை உறுத்தும். காலியாக விட்டுப்போனதும் தெரிந்துவிடும். அதுவும் சிறிய ஆபத்தல்ல. மருந்தில்லாத தோட்டாவில், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் வேகம் மட்டும் குண்டைக் குழலுக்குள் பாதி தூரம் தள்ளி நிறுத்திவிடும். அடுத்த குண்டு அதன்மேல் போய் மோதும்.

பருமனான மருந்தே வேண்டும் என்பதற்குச் செலவுக் கணக்கை வைத்து மறுப்புச் சொல்வார்கள். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின் இருக்கிறது. 2.7 வீதம் போட்டால் 2,500 தோட்டாவுக்கு மேல் வரும். ஐந்து கிரெயின் கேட்கும் மருந்தில் 1,400தான் தேறும். கணக்கு சரிதான். ஆனால் இந்த வித்தியாசத்தைத் தோட்டாவுக்குப் பங்கிட்டால் ஓரிரு சென்ட் வரும், அவ்வளவே. ஈயத்திலும் பிரைமரிலும் ஆகும் செலவின் முன் அது பெரிதல்ல. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: புல்ஸ்ஐயின் துல்லியம் நூறாண்டுப் பழக்கத்தில் நிரூபணமானது, கவனமாக இருப்பவனுக்கு அதில் என்ன ஆபத்து என்பது. துல்லியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வேலையில் தவறு நேர்வது கவனமில்லாதவனுக்கு மட்டுமல்ல. நூறாவது கூட்டுக்கு மேல் கை தானாகப் போகும், மனம் வேறெங்கோ இருக்கும். அது எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு. மருந்து மட்டத்தை அளக்கும் கருவிகளும் இருக்கின்றன, வாங்கிக்கொள். ஆனால் அவற்றைச் சரியாகத் திருகி வைப்பதும் நீதான் என்பதால், கண்ணால் பார்ப்பதை விட்டுவிடாதே. ஓரிரு வருடம் போய், பலகையை டார்ச் அடித்துப் பார்ப்பது கைக்குப் பழக்கமான பிறகு புல்ஸ்ஐக்கு மாறு. எனக்கு ஆட்சேபம் இல்லை.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பா இருக்கட்டும். மிச்சமானதை அன்றே அதன் சொந்த டப்பாவில் திரும்பக் கொட்டு. பெயரில்லாத புட்டியில் இருப்பதை நிறத்தைப் பார்த்து இன்னதென்று ஊகிக்காதே, வேறு வேறு வேகத்தில் எரியும் மருந்துகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். டப்பாவைத் திறந்ததும் புளித்த அமில வாடை அடித்தாலோ, செம்பழுப்புத் தூசி தெரிந்தாலோ மருந்து கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். பாதி டப்பா மிச்சம் இருக்கிறதே என்று அதைப் பயன்படுத்தாதே.

அன்புடன்,
மாமா