மழைக்காலத்தில் காஸ் அடுப்பு அடம் பிடிப்பது ஏன்?



ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் நம் வீட்டுச் சமையலறையில் ஒரு சத்தம் கேட்கும். 'டொக்... டொக்... டொக்...' லைட்டரை அழுத்தி அழுத்தி அம்மாவுக்குக் கை வலித்துவிடும். அடுப்பு மட்டும் பற்றாது. "மூணு வருஷமா பாலிடெக்னிக்ல என்னதான்டா படிக்கிற? இந்த லைட்டரைக் கொஞ்சம் பாரேன்" என்ற கேள்வி நம் பக்கம் திரும்பும். விடை நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் கைவலி மட்டுமல்ல, ஒரு பெரிய விபத்தும் தவிரும்.

காஸ் மேல் பழி வேண்டாம்

"மழையில காஸ் நமத்துப் போச்சு", "காஸ்ல தண்ணி கலந்துடுச்சு" என்றெல்லாம் சொல்வார்கள். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். மழைநீர் அதற்குள் புக வழியே இல்லை. குளிரும் காரணமல்ல. எல்.பி.ஜி.யில் உள்ள புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும், பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியிலும் ஆவியாகிவிடும். நம் ஊர் மழைக்குளிர் அவற்றை ஒன்றும் செய்யாது. ஆக, காஸ் ஒழுங்காகத்தான் வருகிறது. பொறிதான் வந்து சேரவில்லை.

லைட்டருக்குள் என்ன நடக்கிறது?

1880ஆம் ஆண்டு ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற பிரெஞ்சு சகோதரர்கள் குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் உண்டாவதைக் கண்டுபிடித்தார்கள். இதுவே பீசோ எலக்ட்ரிக் விளைவு. நம் லைட்டரில் படிகத்துக்குப் பதில் ஒரு சிறிய பீங்கான் துண்டு இருக்கிறது. பட்டனை அழுத்தும்போது ஸ்பிரிங் சுருங்கி, ஒரு குட்டிச் சுத்தியல் விடுபட்டு அந்தத் துண்டின் மேல் மோதுகிறது. நாம் கேட்கும் 'டொக்' அதுதான். அந்த ஒரு அடியில் பல ஆயிரம் வோல்ட் பிறக்கிறது.

உலர்ந்த காற்றில் 1 மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். லைட்டர் முனையில் நடுக்கம்பிக்கும் வெளிக்குழாய்க்கும் 4 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், சுமார் 12,000 வோல்ட் தேவை. வோல்ட் இவ்வளவு இருந்தும் ஷாக் நம்மைக் கொல்வதில்லை; காரணம், ஒரு அடியில் பிறக்கும் மின்னூட்டம் மிக மிகக் குறைவு. இந்தக் குறைவுதான் மழைக்காலத்தில் வினையாகிறது.

பொறி எங்கே போகிறது?

ஈரக் காற்று மின்சாரத்தைக் கடத்திவிடுகிறது என்று பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. காற்றில் ஈரம் கூடுவதால் பொறி தாண்டத் தேவையான வோல்டேஜ் பெரிதாக மாறுவதில்லை. குற்றவாளி காற்றல்ல, இன்சுலேட்டரின் மேல்பரப்பு.

லைட்டர் முனையில் எண்ணெய்ப் பிசுக்கு, கரி, பொங்கி வழிந்த சாம்பாரின் உப்பு எல்லாம் படிந்திருக்கும். காய்ந்திருக்கும்வரை இவை அதிகம் தொல்லை தருவதில்லை. மழைக்கால ஈரம் பட்டதும் உப்பு கரைந்து, மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாகிவிடுகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்குமா? பிறந்த கொஞ்சநஞ்ச மின்னூட்டமும் இந்தப் படலத்தின் வழியே ஒழுகிவிட, 12,000 வோல்ட்டை எட்டுவதே இல்லை. 'டொக்' கேட்கும், பொறி இருக்காது.

எலக்ட்ரிகல் பிரிவு நண்பர்களுக்கு இது புதிதல்ல. கடலோர மின்கம்பிகளின் இன்சுலேட்டர்களில் உப்புப் படிந்து, பனி பெய்யும் அதிகாலையில் 'ஃப்ளாஷ் ஓவர்' ஆவதும் இதே கதைதான். இன்சுலேட்டரைக் குடை குடையாகச் செய்திருப்பதும் அந்த ஒழுகும் பாதையை நீளமாக்கத்தான்.

நாம் செய்ய வேண்டியவை

1. சோதனை: காஸை மூடி, ரெகுலேட்டரையும் அணைத்துவிட்டு, இருட்டில் லைட்டரை அழுத்திப் பாருங்கள். முனையில் நீலப் பொறி பளிச்சென்று தெரிந்தால் லைட்டர் நலம்.

2. பொறி இல்லையென்றால், முனையை உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து வெயிலிலோ மின்விசிறிக் காற்றிலோ காய வையுங்கள். எரியும் அடுப்பின் மேல் காட்டிக் காய வைக்கவே கூடாது.

3. ஆட்டோ இக்னிஷன் அடுப்பு என்றால், அடுப்பு ஆறிய பிறகு, பேட்டரியை எடுத்துவிட்டு, பர்னர் பக்கத்தில் நிற்கும் எலக்ட்ரோடின் வெள்ளைப் பீங்கானைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பேட்டரி முனைகளில் பச்சை, வெள்ளைப் பூஞ்சை மாதிரி அரிப்பு இருந்தால் சுரண்டி எடுங்கள்.

4. கழுவிய பர்னரை ஈரத்தோடு மாட்டாதீர்கள். அதன் சிறு துளைகளில் தண்ணீர் நின்றுகொண்டு காஸ் வரும் வழியை அடைத்துவிடும்.

ஒரு சிறு கணக்கு

இனிதான் முக்கியமான விஷயம். பொறி வரும்வரை காஸ் திறந்தே இருந்தால் என்ன ஆகும்?

ஒரு பர்னர் மணிக்கு 150 கிராம் காஸ் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2.5 கிராம். ஆவியாக அது 1 லிட்டருக்குச் சற்று அதிகம். காற்றில் சுமார் 2 சதவீதம் எல்.பி.ஜி. கலந்தாலே தீப்பற்றும். அப்படியானால் 1 நிமிடக் காஸ், 50 லிட்டருக்கும் மேலான காற்றைத் தீப்பிடிக்கும் கலவையாக்க முடியும். அதாவது 15 லிட்டர் குடத்தில் மூன்று குடத்துக்கு மேல்! கடைசியில் ஒரு பொறி வரும்போது பற்றுவது அடுப்பு மட்டுமல்ல.

எல்.பி.ஜி. ஆவி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாது, மேடைக்கு அடியில் தேங்கும். சாதாரண நாளில் ஜன்னல் வழியே கலைந்துபோகும். மழை நாளில் சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தியிருப்போம். ஆக, மழை இரண்டு காரியம் செய்கிறது: பொறியைத் தாமதப்படுத்துகிறது, ஜன்னலையும் மூட வைக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆபத்து. மூடி வைத்த காஸ் கிரில் அடுப்புக்கும் இதே நியாயம்தான். அதன் மூடியே அங்கு சாத்திய ஜன்னல். மூடியைத் திறக்காமல் பற்றவைக்கக் கூடாது.

மறக்கக் கூடாத மூன்று

முதலாவது, பொறி முன்னே, காஸ் பின்னே. தீக்குச்சியை முதலில் கொளுத்துங்கள். லைட்டரை முதலில் பர்னர் அருகே கொண்டு போங்கள். பிறகு குமிழைத் திருப்புங்கள்.

இரண்டாவது, 4, 5 விநாடிக்குள் பற்றவில்லையா? குமிழை மூடுங்கள். சாரல் அடித்தாலும் பரவாயில்லை, ஜன்னலைத் திறந்து 5 நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள்.

மூன்றாவது, காஸ் வாடை பலமாக வந்தால் லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடுவதும் பொறி, அணைப்பதும் பொறி. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்குப் பேசுங்கள்.

நண்பர்களே, இன்சுலேஷன் பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் படித்தால் மார்க் கிடைக்கும். அம்மாவுக்கும் அக்காவுக்கும் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னால் ஒரு வீடு பிழைக்கும். அடுத்த மழைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.